பாக் நீரிணையில் கப்பல் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வியின் வயது

இந்தியாவும் இலங்கையும் மிக நெருங்கி வரும் இடத்தில், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே, துறைக்குத் துறை அளந்தால்கூடக் கடல் தூரம் 35 கிலோமீட்டர்தான். இந்த நீரைக் கடக்க 1914 முதல் 1964 வரை ரயில்வேயின் நீராவிக் கப்பல்கள் ஓடின. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகும் ராமேசுவரத்திலிருந்து 1984 வரை ஏதோ ஒரு வடிவில் கப்பல் இருந்தது. அதற்குப் பின் கால் நூற்றாண்டுக்கு மேல் வெறுங்கடல். 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தொடங்கிய கப்பல் அதே ஆண்டு நவம்பரில் நின்றது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் புறப்பட்ட படகுச் சேவை அந்த மாதம் 20ஆம் தேதியோடு பருவமழையைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் ஒரு தனியார் நிறுவனம் அதே வழித்தடத்தில் ‘சிவகங்கை’ என்ற படகை விட்டது. அது நவம்பரில் நின்று, 2025 பிப்ரவரியில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கப்பல் கட்டும் நுட்பம் எவ்வளவோ முன்னேறிவிட்ட காலத்தில், நூறாண்டுக்கு முன் முடிந்த காரியம் இப்போது ஏன் கைகூடவில்லை என்ற கேள்விக்குக் குறைந்தது நான்கு பதில்கள் புழக்கத்தில் உள்ளன. ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. எதுவும் தனித்து நின்று முழுக்கதையையும் விளக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

சென்னையையும் கொழும்பையும் ரயிலும் கப்பலுமாக இணைத்த அந்தப் பழைய சேவையான போட் மெயில் பற்றிய தமிழ் எழுத்துகளில் பெரும்பகுதி ஏக்கத்தால் நனைந்தவை. எழும்பூரில் ஏறினால் கொழும்பு கோட்டையில் இறங்கலாம் என்ற வசீகரம் அப்படிப்பட்டது. ஆனால் ஏக்கம் காரணம் கேட்பதில்லை. காரணம் தேட வேண்டுமானால் கப்பல்களையும், அவற்றை யார் எதற்காக ஓட்டினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்ததிலிருந்து கொழும்புப் பயணத்தின் வாசல் தூத்துக்குடிதான். அந்தக் கடலில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி ஏகபோகமாக இருந்தது. அதை எதிர்த்து 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். 25 ரூபாய்ப் பங்குகள் 40,000. மூலதன இலக்கு 10 லட்சம். ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்கள் வாங்கப்பட்டன. எதிர்க்கம்பெனி கட்டணத்தை வெட்டியது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. இந்த வரலாறு தேசபக்திக் கதையாகவே சொல்லப்படுகிறது, அதில் தவறில்லை. போக்குவரத்துப் பார்வையில் இன்னொரு செய்தியும் இதில் இருக்கிறது: பயணி மிகுந்திருந்த காலத்திலேயே, இந்தக் கடலில் கட்டணத்தை மட்டும் நம்பிய சிறு நிறுவனம், நட்டத்தைத் தாங்கும் வசதி படைத்த பெரு நிறுவனத்திடம் தோற்றது.

கடல்மேல் சுமத்தும் பழி

முதல் பதில் இயற்கையைக் குற்றவாளியாக்குகிறது. பாக் நீரிணை ஆழமற்றது. ஆதாம் பாலம் எனப்படும் ராமர் சேதுவின் மணல்திட்டுகள் மீது நீர் சில மீட்டர்களே நிற்கும். பெரிய கப்பல் அங்கே நுழைய வழியில்லை. 1860இல் ஆல்பிரட் டண்டாஸ் டெய்லர் முன்வைத்த கால்வாய் யோசனை முதல் 2005 ஜூலையில் தொடங்கி, பிறகு வழக்குகளில் சிக்கிய சேதுசமுத்திரத் திட்டம் வரை, எல்லாம் இந்த ஆழமின்மையோடு நடந்த மல்லுக்கட்டுதான். வடகிழக்குப் பருவக்காற்று வேறு. வாடைக் காலத்தில் இந்தக் கடல் சிறு படகுகளைப் படுத்தும் பாட்டை நாகப்பட்டினத்து மீனவருக்கும் வல்வெட்டித்துறையாருக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயல் ஒரு ஊரையே வரைபடத்திலிருந்து எடுத்ததோடு, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் கடலுக்குள் இழுத்துச் சென்றது.

இந்த வாதத்தின் பலவீனம், கடல் மாறவில்லை என்பதே. 1914இலும் அதே திட்டுகள், அதே வாடை. ரயில்வே வாங்கிய கப்பல்கள் அந்த ஆழத்துக்கென அமைந்தவை. புயல் தனுஷ்கோடித் துறையை அழித்தது உண்மை. ஆனால் அதே புயலில் சிதைந்த பாம்பன் பாலம், இ.ஸ்ரீதரன் தலைமையிலான பொறியாளர்களால் 46 நாளில் சீர்செய்யப்பட்டது. தனுஷ்கோடி ரயில் பாதையோ இன்றுவரை திரும்பப் போடப்படவில்லை. ஒன்றைச் சில வாரங்களில் மீட்கவும் மற்றொன்றைக் கைவிடவும் செய்தது புயல் இல்லை. எது தேவை, எது தேவையில்லை என்ற மனிதக் கணிப்பு. கடல் செலவைக் கூட்டுகிறது, ஓடும் நாட்களைக் குறைக்கிறது. அந்தச் செலவை யார் ஏற்பது என்பது கடலிடம் கேட்க வேண்டிய கேள்வியாகத் தோன்றவில்லை.

எல்லையும் போரும்

இரண்டாவது பதில் அரசியல். 1983 கலவரத்தைத் தொடர்ந்து போர் மூண்டது, 1984இல் கப்பல் நின்றது, தலைமன்னார் ரயில் பாதையும் போரில் அழிந்தது. இதற்கு மேல் விளக்கம் எதற்கு என்று பலர் நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் போவதைத் தடை செய்தது. கங்காணி முறையில் மண்டபம் முகாம் வழியாக ஆட்கள் போய்வந்த பெரும் ஓட்டம் அதோடு வற்றத் தொடங்கியது. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் அதுவரை ஒரே சமூக வெளியாக இருந்த கடலை நாட்டு எல்லையாக்கின. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. ராமேசுவரம்–தலைமன்னார் கப்பலின் பிற்காலப் பயணிகளில் கணிசமானோர் இப்படி ஒருவழிப் பயணம் வந்தவர்கள். 1984இல் கப்பல் நின்றபோது அந்தத் திருப்பியனுப்புதலும் நின்றது. அதன்பின் அதே நீரை அதே திசையில் வந்த அகதிகள் மீன்பிடிப் படகுகளில் கடந்தார்கள்.

ஆக, போர் கப்பலை நிறுத்தியது என்பதைவிட, ஏற்கெனவே இரு பக்கச் சட்டங்களால் மெலிந்திருந்த சேவைக்குப் போர் முற்றுப்புள்ளி வைத்தது என்று சொல்வது ஆதாரங்களுக்கு நெருக்கமாக இருக்கும். போர் முடிந்தது 2009இல். அரசியல் மட்டும் காரணமென்றால் அதன்பின் கப்பல் தானாகத் தழைத்திருக்க வேண்டும். 2015 மார்ச் 14 அன்று இந்தியப் பிரதமர் முன்னிலையில் தலைமன்னாருக்கு மீண்டும் ரயில் வந்தது. இந்தியப் பக்கத்தில் ராமேசுவரம் பாதை 2007லேயே அகலப் பாதையாகிவிட்டது. பழைய நாட்களில் இந்தியப் பக்கம் மீட்டர் பாதை, இலங்கைப் பக்கம் அகலப் பாதை. ரயில் பெட்டியைக் கப்பலில் ஏற்றி அக்கரையில் தண்டவாளத்தில் இறக்கும் யோசனைக்கே அந்த வேறுபாடு தடை. இப்போது இரு கரையிலும் ஒரே அளவுப் பாதை. நடுவில்தான் கப்பல் இல்லை.

விமானம் என்ற பதில்

மூன்றாவது பதில் சந்தையிலிருந்து வருகிறது: விமானம் இருக்க, மூன்று நான்கு மணி நேரம் கடலில் குலுங்கிப் போக யார் வருவார்? யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து விமானம் வந்தது. பின்னர் திருச்சியிலிருந்தும் வந்தது. 2023இல் நாகப்பட்டினம் படகின் வழக்கமான கட்டணம் வரியோடு 7,670 ரூபாய். இந்தத் தொகையைக் கையில் வைத்திருப்பவர் விமானச் சீட்டின் விலையையும் பார்ப்பார். போதிய முன்பதிவு இல்லாமல், நாள்தோறும் என்று அறிவித்த சேவை உடனே வாரம் மூன்று நாளாகச் சுருங்கியதில் வியப்பில்லை.

இருந்தாலும் இந்த வாதம் பயணியை ஒரு கைப்பையோடு போகும் ஆளாக மட்டுமே கற்பனை செய்கிறது. இந்தக் கடலைக் கடக்க விரும்புவோரில் பலருக்குச் சுமைதான் பயணத்தின் நோக்கமே. தமிழ்நாட்டு முகாம்களில் பல பத்தாண்டுகள் வாழ்ந்து ஊர் திரும்பும் அகதிக் குடும்பத்துக்குப் பாத்திரம், தையல் இயந்திரம், சைக்கிள் எல்லாம் வேண்டும். விமானத்தின் எடை வரம்பு அவர்களுக்குப் பதில் ஆகாது. துணிமணி, பலசரக்கு எடுத்துப் போகும் சிறு வணிகர்கள், ‘குருவி’ என்று பேச்சு வழக்கில் அறியப்படுவோர், கிலோவுக்கு என்ன ஆகிறது என்று கணக்குப் போடுபவர்கள். கல்யாணத்துக்குப் பட்டும் பித்தளையும் வாங்க வருவோரும் அப்படித்தான். இவர்களுக்கு விமானத்தின் வேகம் இரண்டாம் பட்சம். நாகப்பட்டினம் படகுகளைப் பற்றி எழுந்த குறைகளில் பொதியின் எடை வரம்பு முன்னணியில் நின்றதை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். விமானத்தோடு வேகத்தில் போட்டியிட்டு, விமானத்தைப் போலவே பொதிக்கும் வரம்பு போட்டால் கப்பலுக்கு எந்தத் தனி இடமும் மிஞ்சாது.

எந்தக் கப்பல்?

இங்கிருந்துதான் நான்காவது பதில் பிறக்கிறது: தவறான கப்பல்களைத் தேர்ந்தெடுத்தோம் என்பது அது. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் கப்பலின் உருவத்தில் அதை ஓட்டியவரின் எண்ணம் தெரிகிறது.

தென்னிந்திய ரயில்வே 1913வாக்கில் வாங்கிய மூன்று நீராவிக் கப்பல்களுக்குக் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைசிராய்களின் பெயர்கள். 1930ஐ ஒட்டி இர்வின், கோஷன் என இரண்டு சேர்ந்தன. (கோஷன் சென்னை மாகாண ஆளுநர், 1929இல் தற்காலிக வைசிராயாகவும் இருந்தவர்.) ஒரே வழித்தடம், ஒரே வகை வேலை, ஒன்று பழுதானால் மற்றொன்று, இதுதான் அந்தக் கப்பல் தொகுதியின் உள்ளமைப்பு. 1914 பிப்ரவரியில் திறந்த பாம்பன் பாலமும், மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு இலங்கை ரயில்வே போட்ட பாதையும், இந்தக் கப்பல்களும் ஒரே திட்டத்தின் மூன்று உறுப்புகள். பயணிக்கு ஒரே சீட்டு. ரயிலின் நேரத்துக்குக் கப்பல், கப்பலின் நேரத்துக்கு அக்கரை ரயில். ஆதாம் பாலத் திட்டுகளின் மேல் ரயில் பாதையே போட்டுவிடலாம் என்ற யோசனைகளும் அக்காலத்தில் இருந்தன. செலவு மலைக்க வைத்ததால் கப்பல் அந்தப் பாலத்தின் மலிவான பதிலியாக நின்றது.

புயலுக்குப் பிந்தைய ‘ராமானுஜம்’ கப்பல் இந்தத் தொடர்பை ஓரளவே காத்தது. வாரத்தில் சில நாட்கள், வாடையில் ஓய்வு. 2011இல் வந்த ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ முற்றிலும் வேறு சாதி. 1972இல் யூகோஸ்லாவியாவில் ‘ஸ்டீனா ஒலிம்பிகா’ என்ற பெயரில் கட்டப்பட்ட அது, கார்களையும் பயணிகளையும் சேர்த்து ஏற்றும் பெருங்கப்பல். அமெரிக்காவின் போர்ட்லண்டுக்கும் கனடாவின் யார்மத்துக்கும் இடையே இருபதாண்டுக்கு மேல் ஓடியது. சொந்தக் காரோடு விடுமுறைக்குப் போகும் குடும்பங்கள் அதன் வாடிக்கையாளர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றக்கூடிய அந்தக் கிழக்கப்பல், தூத்துக்குடி–கொழும்பு இரவுப் பயணத்துக்கு வந்தபோது நாற்பது வயதை நெருங்கியிருந்தது. எரிபொருள், பணியாளர், துறைமுகக் கட்டணம் எல்லாம் கப்பலின் உருவத்துக்கேற்ப வந்தன. வருவாய் வந்தது பயணிகளின் எண்ணிக்கைக்கேற்ப. கடன்பாக்கிகளோடு சேவை முடிந்தது. அடுத்த ஆண்டு கப்பல் உடைபடச் சென்றது.

இதற்கு நேர் எதிர் முனையில் நிற்பது, 2023இல் நாகப்பட்டினத்திலிருந்து ஓடிய ‘செரியபாணி’. லட்சத்தீவுக் கடல்திட்டு ஒன்றின் பெயரைத் தாங்கிய, அந்தத் தீவுகளுக்கென வாங்கப்பட்ட 150 இருக்கை அதிவேகப் படகு அது. ‘சிவகங்கை’யும் ஏறத்தாழ அதே அளவுதான். சிறியது என்பதால் நட்டம் குறைவு. வாடைக்காற்றில் ஓட முடியாது என்பதும் சிறியது என்பதால்தான். சுமைக்கும் இடம் குறைவு. ஒன்று அளவுக்கு மீறிய பெரிது, மற்றது போதாத சிறிது என்று சொல்லி, நடுத்தரக் கப்பல் வாங்கினால் தீர்ந்தது என்று முடிப்பது எளிது. ஆனால் வாகனத் தளம் உள்ள கப்பலாக இருந்தும் ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ தோற்றதை இந்த வாதம் விளக்க வேண்டும். கப்பலில் கார் ஏற்ற இடம் இருப்பது ஒன்று. அந்தக் கார் அக்கரையில் இறங்கி ஓட அனுமதி இருப்பது வேறொன்று.

சாலையின் நடுத்துண்டு

குஜராத்தின் காம்பத் வளைகுடா இங்கே உதவும். 2017 அக்டோபரில் கோகாவுக்கும் தகேஜுக்கும் இடையே தொடங்கிய கப்பல் சேவை, தகேஜ் பக்கத்தில் வண்டல் சேர்ந்து ஆழம் போதாமல் தடுமாறி நின்றது. இயற்கை வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் அங்கே கதை முடியவில்லை. 2020 நவம்பரில் ‘வாயேஜ் சிம்ஃபனி’ என்ற, வாகனங்கள் நேரே ஏறி இறங்கும் ரோ-ரோ கப்பலோடு தடம் ஹசீராவுக்கு மாற்றப்பட்டது. சாலைவழி சுமார் 370 கிலோமீட்டர்; கடல்வழி 90. லாரி ஓட்டுநருக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நான்காகிறது. அந்தக் கப்பலைத் தாங்குவது சுற்றுலாப் பயணியின் உற்சாகத்தைவிட, லாரி உரிமையாளரின் டீசல் கணக்குதான். அங்கே கடல்வழி என்பது சூரத்தையும் சௌராட்டிரத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலையின் ஒரு துண்டு.

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் இதே எண்ணம் கட்டணக் கொள்கையாகவே மாறியிருக்கிறது. 1973இல் இரு நிறுவனங்களை இணைத்து உருவான காலடோனியன் மக்பிரெய்ன் கப்பல்களில், 2008 முதல் சில தடங்களிலும் பின்னர் படிப்படியாக மற்றவற்றிலும், அதே தூரத்தைச் சாலையில் ஓட்டினால் ஆகும் செலவை ஒட்டிக் கார் கட்டணம் வகுக்கப்பட்டது. மீதத்தை அரசு ஈடுசெய்கிறது. அங்கும் பிரச்சினை இல்லாமல் இல்லை. கட்டணம் குறைந்ததும் கூட்டம் பெருகி, கோடையில் தீவுக்காரர்களுக்கே இடம் கிடைக்காத தடங்கள் உண்டு. புதிய கப்பல்கள் கட்டுவதில் பல ஆண்டுத் தாமதமும் பல மடங்குச் செலவும் பெரும் சர்ச்சையாயின. ஆனால் கப்பல் தேவையா என்ற கேள்வியை அங்கே யாரும் எழுப்புவதில்லை. சாலைக்கு லாபக் கணக்குக் கேட்காதவர்கள் கப்பலுக்கும் கேட்பதில்லை.

இந்த ஒப்பீட்டுக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: குஜராத்தும் ஸ்காட்லாந்தும் ஒரே நாட்டுக்குள் ஓடுபவை, கடவுச்சீட்டு, சுங்கம், விசா எதுவும் குறுக்கே வருவதில்லை. மறுப்பு நியாயமானதே. ஆனால் அது என் வாதத்தை மறுப்பதைவிட அதன் மையத்தைச் சுட்டுகிறது என்று கருதுகிறேன். தனுஷ்கோடிக் கப்பல்களின் செழிப்பான காலம், இரு கரையும் ஒரே பேரரசின் கீழ் இருந்த காலம். அப்போதும் தடை இல்லாமல் இல்லை. தோட்டத் தொழிலாளர்கள் மண்டபத்தில் தனிமைப்படுத்தப்பட்டு மருத்துவச் சோதனைக்கு உள்ளானார்கள், அது கடுமையானதும் இழிவானதுமான நடைமுறை. என்றாலும் சோதனை பயணத்துக்குள்ளேயே ஒரு நிறுத்தமாக அமைக்கப்பட்டிருந்தது. இன்று வாகனங்களைப் பொறுத்தவரை அப்படி ஓர் ஏற்பாட்டின் தொடக்கம்கூட இல்லை. வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகியவை 2015இல் செய்துகொண்ட மோட்டார் வாகன ஒப்பந்தத்தில் இலங்கை இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு காத்மாண்டு சார்க் மாநாட்டில் தெற்காசியா முழுமைக்குமான ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் போனது. இரு நாட்டிலும் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஸ்டீயரிங் வலப்பக்கம். தொழில்நுட்பத் தடை ஏறத்தாழ எதுவுமில்லை. இருப்பது காகிதத் தடை.

இன்னொரு மறுப்பு வரலாற்றைப் பற்றியது. போட் மெயிலைத் தாங்கியது மலிவுக் கூலி ஓட்டம். அது காலனியப் பொருளாதாரத்தின் விளைவு, அதை மீட்கவும் முடியாது, மீட்கவும் கூடாது என்பர். இதில் பாதி ஏற்கத்தக்கது. ஆனால் 1939 தடைக்குப் பிறகும் அந்தச் சேவை 25 ஆண்டுகள் தாக்குப்பிடித்ததே, எப்படி? கப்பல் ரயில்வேயின் சொத்து என்பது விடையின் ஒரு பகுதியாக இருக்கலாம். கடல் பகுதியின் நட்டம், எழும்பூர் முதல் தனுஷ்கோடி வரையிலான சீட்டு வருவாயோடு கலந்துவிடும். 2011இலும் 2023இலும் கப்பலோட்டியவருக்குக் கரையில் எந்த வருவாயும் இல்லை. நாகப்பட்டினத்தில் இறங்கியவர் எந்த ரயிலில் ஏறினாலும், காங்கேசன்துறையில் எந்த பஸ்ஸைப் பிடித்தாலும், அந்தக் காசு வேறு கணக்குக்குப் போகிறது. வ.உ.சி.யின் கம்பெனி சந்தித்த அதே சிக்கல், இம்முறை எதிர்க்கம்பெனி இல்லாமலே.

பாலம் போதுமே என்பவர்கள்

கப்பல் பற்றிய பேச்செல்லாம் வீண், பாலம் கட்டுங்கள் என்ற குரல் அவ்வப்போது எழும். 2002வாக்கில் ரணில் விக்கிரமசிங்க இதை முன்வைத்தார். அண்மை ஆண்டுகளில் இரு அரசுகளின் கூட்டு அறிக்கைகளிலும் தரைவழி இணைப்பு இடம்பெற்றது. சேதுவைச் சார்ந்த மத உணர்வு, மன்னார் வளைகுடாவின் கடல்வாழ் உயிர்கள், இலங்கைக்குள் எழும் இறையாண்மை அச்சம் எனத் தடைகள் பல. அவை எல்லாம் தீர்ந்தாலும், வாகன ஒப்பந்தம் இல்லாத பாலம் இரு முனையிலும் சுங்கச் சாவடியில் முடியும் சாலையாகவே இருக்கும். பாலத்துக்கு வேண்டிய சட்ட ஏற்பாடு அனைத்தும் கப்பலுக்கும் வேண்டும். கப்பலில் அதை மலிவாகச் சோதித்துப் பார்க்கலாம் என்பதே வேறுபாடு.

தீராமல் இருப்பவை

2024க்குப் பிந்தைய முயற்சியில் புதிதாக ஒன்று இருக்கிறது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைச் சேவைக்கு மாதம் 2.5 கோடி இலங்கை ரூபாய்க்கு மேல் இந்திய அரசு ஈடுதொகை அறிவித்தது. காங்கேசன்துறைத் துறைமுகச் சீரமைப்புக்கு 6.15 கோடி டாலர் மானியமும் அறிவிக்கப்பட்டது. அதாவது கட்டணத்தால் மட்டும் இது ஓடாது என்பது அரசளவில் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. இந்த ஈடு எத்தனை ஆண்டு நீடிக்கும், அது வெறும் இருக்கைகளுக்கா, சரக்குக்குமா என்பது தெளிவாகவில்லை. வழித்தடமும் விவாதத்துக்குரியதே. நாகப்பட்டினம் வழி 110 கிலோமீட்டர் திறந்த கடல். ஆனால் அக்கரையில் யாழ்ப்பாணம் என்ற நகரமும் சந்தையும் உள்ளன. தலைமன்னார் வழி அதில் மூன்றில் ஒரு பங்கு, இரு முனையிலும் ரயில். இறங்குதுறையைச் சுற்றி ஊர் சிறிது, இந்தியப் பக்கம் ஆழமும் குறைவு. குறுகிய தடம் ஓடும் நாட்களைக் கூட்டுமா, அல்லது சந்தை உள்ள தடமே பயணியைக் கூட்டுமா என்பதை இரண்டையும் ஒரே காலத்தில் ஓட்டிப் பார்க்காமல் உறுதியாகச் சொல்வது கடினம்.

இவற்றைவிடப் பெரிய ஐயம் சரக்கைப் பற்றியது. தூத்துக்குடித் தோணிகள் இன்றும் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பொருள் ஏற்றிச் செல்கின்றன. லாரியோடு கப்பலேறும் சேவை வந்தால் அந்தத் தோணித் தொழிலிலிருந்து சுமை பிடுங்கப்படுமா, புதிய சுமை பிறக்குமா? யாழ்ப்பாணத்து வெங்காயமும் புகையிலையும் இந்திய விலையோடு மோதும்போது வடமாகாண விவசாயி எப்படி எதிர்வினையாற்றுவார்? கப்பலை வரவேற்கும் வணிகர் சங்கமும் அதை அஞ்சும் உழவரும் ஒரே மாவட்டத்தில் இருக்கிறார்கள். இந்தக் கேள்விகள் இதுவரை கப்பல் அறிவிப்பு விழாக்களில் கேட்கப்படவில்லை. வாகன ஒப்பந்தம் பற்றிய பேச்சு என்றைக்காவது தொடங்கினால் முதலில் மேசைக்கு வரப்போவது அநேகமாக இவையே.